ரிமோட்டை அணைச்சுக் காட்டுங்க, மாஸ்

கரங்ஜாத்தி திடலில் குந்தோரோவுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மீசை வைத்த மாமியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் எந்த விமானத்தைக் காரிலிருந்து இறக்கினாலும், முதலில் அவன் மூக்குதான் அதற்குள் நுழையும். இந்த ஒயர் ஏன் தொங்குது, இந்த பேட்டரி எப்ப வாங்கினது, ஆன்டெனாவை ஏன் இப்படி மடக்கி வச்சிருக்கீங்க என்று ஆரம்பித்தானானால் லேசில் விடமாட்டான். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை. அங்கேயும் இப்படித்தான் உயிரை வாங்குவான் என்று கேள்வி.

பொம்மை விமானம் என்று பெயர்தானே ஒழிய, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால்கூட இறக்கையின் முனையைத் தொட முடியாது. பெட்ரோல் எஞ்சின். முன்னால் சுற்றும் காற்றாடி விரலைத் தொட்டால் விரல் இருக்காது. தரையில் நிற்பவன் கையிலுள்ள ரிமோட் சொல்வதை விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் கேட்கும். கேட்கிறவரைக்கும் எல்லாம் அழகுதான். கேட்காமல் போகும்போதுதான் இருக்கிறது சங்கதி. சிக்னல் அறுந்தால் எஞ்சினை நிறுத்திவிடு என்று ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். சொல்லி வைக்காவிட்டால், கடைசியாகக் காதில் விழுந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு அது பாட்டுக்குப் பறக்கும்.

போன வருஷம் அப்படித்தான் பறந்தது, பல் டாக்டர் பூர்ணவானின் விமானம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ரம்லானின் வலது கண்ணை எடுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. ஒற்றைக் கண்ணனிடம் யார் லாரியைக் கொடுப்பார்கள்? அவன் வோனோகிரியில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். பூர்ணவான் அதற்குப் பிறகு திடல் பக்கமே தலைகாட்டவில்லை. கிளினிக்கையும் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தார். பல் பிடுங்கும்போது கை நடுங்குகிறது என்று ஊரில் பேச்சு.

அந்த விபத்துக்குப் பிறகுதான் குந்தோரோ மாமியாரானான். ஊர்த் தலைவர் திடலையே மூடிவிடுகிறேன் என்று நின்றபோது, பெரியவர்களை அழைக்கிற மாதிரி பாக் என்று அழைத்து, எல்லோர் முன்னாலும் அவன்தான் வாய்விட்டுச் சொன்னான்: "இனிமே சோதிக்காத விமானம் ஒண்ணுகூட இங்க மேலே போகாது பாக். போச்சுன்னா என்னைக் கேளுங்க." அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ரிமோட்டின் சக்தியைக் குறைத்துவைத்துக்கொண்டு தூரமாக நடந்துபோய், விமானம் அங்கிருந்தும் சொன்னதைக் கேட்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வாலை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, ரிமோட்டை அணைத்துக் காட்டவேண்டும். எஞ்சின் உடனே செத்தால் குந்தோரோ தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து விமானியின் காலரில் மாட்டுவான். கிளிப் இல்லாத காலர் ஓடுபாதைக்குள் கால் வைக்கக் கூடாது.

திடல் ஓரத்தில் நீலத் தார்ப்பாயின் கீழே சோயாவில் செய்த தாகுவும் தெம்பேயும் பொரித்து விற்ற சர்மினிக்கு இந்த கிளிப் விவகாரம் ஒரே சிரிப்பு. வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் யூ சர்மினி. "மாமியாரே, நான் அடுப்பு பத்த வைக்கலாமா? இல்ல எனக்கும் ஒரு கிளிப் மாட்டிவிடுவீங்களா?" என்பாள்.

"முதல்ல கேஸ் ட்யூபைக் காட்டுங்க யூ. அது எங்க பாட்டன் காலத்து ட்யூப் மாதிரி இருக்கு."

"ஐயோ, என் புருஷன்கூட என்னை இவ்வளவு சோதிச்சதில்ல!" என்று கரண்டியை ஓங்குவாள். கும்பலே சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே ட்யூபைக் குனிந்து பார்ப்பான். விளையாட்டில்லை, உண்மையாகவே பார்ப்பான்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் பூர்ணவானின் மனைவி நிங்சி போன் செய்தாள்.

"தம்பி, அவர் நாளைக்குத் திடலுக்கு வர்றார். புதுசா ஒண்ணு கட்டியிருக்கார். மஞ்சள் கலர். மூணு மாசமா அதுதான் அவருக்குச் சோறு தண்ணி எல்லாம்."

"நல்ல விஷயம்தானே எம்பாக். வரட்டும்," என்றான் குந்தோரோ. அவனுக்கு அவள் எம்பாக், அக்கா முறை.

"அதில்ல." அவள் குரல் இறங்கியது. "இந்த மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? நாளைக்கு நாலு பேர் முன்னாடி அவரைக் குத்தவாளி மாதிரி நிக்க வச்சுடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன். உங்க மேல அவருக்கு எவ்வளவு பிரியம்னு உங்களுக்கே தெரியும்."

தெரியாமலா? குந்தோரோவின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்த அந்த மாதம் முழுக்க, சொந்த அண்ணன் தம்பிகள் எட்டிப்பார்க்காத வார்டில், பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தவர் பூர்ணவான். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். அதுதான் ஆறுதலாக இருந்தது. "கவலைப்படாதீங்க எம்பாக்," என்றான் குந்தோரோ. சொல்லிவிட்டான், அவ்வளவுதான். என்ன சொன்னோம் என்று அப்போது அவனுக்கே விளங்கவில்லை.

ஞாயிறு காலை கரும்புக்காட்டுப் பக்கம் பனி விலகும்போதே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கும் மாமியார் மாமியாராகத்தான் இருந்தான். ஓய்வுபெற்ற தாசில் அதிகாரி சூகெங்கின் விமானத்தில் ரிமோட்டை அணைத்ததும் எஞ்சின் ஒரு கணம் தயங்கி நின்றது. "ஏன் தயங்குது?" என்று திருப்பி அனுப்பிவிட்டான். "அடேயப்பா, தயங்கினாக்கூட குத்தமா? எனக்கு வயசு அறுபத்திநாலு, நானும்தான் தயங்குறேன்," என்று முனகிக்கொண்டே அவர் காருக்குப் போனார். யூ சர்மினி அங்கிருந்து, "பாக், மாமியார்கிட்ட ஜெயிச்ச மருமக எங்க இருக்கா? வந்து காப்பி குடிங்க," என்று கத்தினாள்.

அப்போதுதான் பூர்ணவானின் வெள்ளைக் கார் வந்து நின்றது.

அவர் இளைத்திருந்தார். ஒவ்வொருவரிடமாகப் போய்க் கை கொடுத்தார். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, நல்லாருக்கீங்களா மாஸ், வீட்ல சுகமா என்று கேட்டார்கள். மாஸ் என்றால் அண்ணன். ரம்லான் பேரை எவனும் எடுக்கவில்லை. மரியாதை! அந்த ஊரில் மரியாதைக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது.

மஞ்சள் விமானத்தை இறக்கிப் பூட்டினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வேலை. உள்ளே எல்லாம் புதுசு, ரிசீவர்கூடப் புதுசு. எஞ்சினைக் கிளப்பினார். சூகெங் வாலைப் பிடித்துக்கொண்டார். பூர்ணவான் நிமிர்ந்து குந்தோரோவைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் ரிமோட்டின் பொத்தான் மேல் இருந்தது.

சொல்லவேண்டியது ஒரே வரி. ரிமோட்டை அணைச்சுக் காட்டுங்க, மாஸ். அந்த வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொன்ன வரி. ஆனால் இன்றைக்கு, இந்த மனிதரிடம், இத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? நீதான் அவன் கண்ணைக் குருடாக்கியவன் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் அர்த்தம். சுற்றி நின்றவர்கள் திடீரென்று தங்கள் செருப்பை ஆராய ஆரம்பித்தார்கள். குந்தோரோவுக்கு அந்த வரி வாயில் வரவில்லை. அது பயமில்லை, வெட்கமும் இல்லை. பெரியவர் முகம் வாடிவிடுமே என்று நாக்கு தானாக மடங்கிக்கொள்கிறதே, அது. சுங்கான் என்பார்கள் அதை. அந்த மண்ணில் பிறந்த யாரையும் அது விட்டதில்லை.

"உங்களுக்கு எதுக்கு மாஸ் இதெல்லாம்," என்று சிரித்தான். கையும் சேர்ந்து சட்டைப் பைக்குப் போயிற்று.

"இல்ல, பாத்துடேன்," என்றார் பூர்ணவான்.

"அட, வேண்டாம் மாஸ். நீங்க வீட்லயே பாத்திருப்பீங்க."

"பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்... எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாமே?"

"விடுங்க மாஸ். நமக்குள்ள என்ன?"

ஒரு வாய் சோறானாலும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை அழைத்தால் உட்காருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். இன்னொரு தடவை அவர் கேட்டிருந்தால், சரி மாஸ், உங்க இஷ்டம் என்று குந்தோரோ பார்த்திருப்பான். அதற்குத்தான் காத்து நின்றான். பூர்ணவானோ, இதற்குமேல் வற்புறுத்தினால் தன்மேல் வைத்த நம்பிக்கையைத் தட்டிவிட்டதாக ஆகிவிடுமே என்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ்டா," என்று மட்டும் சொன்னார். குந்தோரோ கிளிப்பை அவர் காலரில் மாட்டினான். தூரமாக நடந்துபோய்ப் பார்க்கிற சோதனை யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

விமானம் ஏறியதைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவு சுத்தமாக ஏறியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, தலைகீழாக ஒரு கரணம். பூர்ணவானின் தோள் இறங்கி, முகத்தில் பழைய ஆள் வந்து உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள். குந்தோரோவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிமிஷத்தில் தான் செய்தது சரி என்றுதான் அவனுக்குப் பட்டது.

விமானம் கரும்புக்காட்டுக்கு மேலே தள்ளிப் போய்த் திரும்பியது. திரும்பினது திரும்பினதுதான், நிமிரவில்லை. ஒரு இறக்கை தாழ்ந்தபடியே பெரிய வட்டமாக வளைந்து வந்தது.

"குந்தோரோ," என்றார் பூர்ணவான் மெதுவாக. "கேக்க மாட்டேங்குது."

"எஞ்சினைக் குறைங்க!"

"குறைச்சுட்டேன். கேக்கலடா. எதுவுமே கேக்கல."

ரிமோட்டின் குச்சி அடிமட்டத்தில் இருந்தது. வானத்தில் எஞ்சின் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. "ஓடுங்க! படுங்க!" என்று குந்தோரோ கத்தினான். திடல் சிதறியது. மஞ்சள் விமானம் வட்டத்தின் மறுபாதியில் தாழ்ந்து, தாழ்ந்து, தார்ப்பாய்ப் பக்கம் திரும்பியது.

"யூ! படுங்க யூ! கீழ படுங்க!"

யூ சர்மினி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள், அதில் சந்தேகமில்லை. படுக்க நேரமும் இருந்தது. ஆனால் எதிரில் ஒரு சட்டி எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாயில் தீப்பிடித்தால் பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். குனிந்து அடுப்பை அணைத்தாள். அணைத்தும் விட்டாள். விமானம் அவள் முதுகில் வந்து இறங்கியது.

குந்தோரோ ஓடிப்போய்ப் பார்த்தபோது எண்ணெய்ச் சட்டி கவிழாமல் அப்படியே இருந்தது. மற்றதைச் சொல்லவேண்டாம்.

போலீஸ் சாவடியில், யாராவது இந்தச் சாமானை விளக்கிச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் குந்தோரோவைக் கைகாட்டினார்கள். மாமியாருக்குத் தெரியாததா? முற்றத்தில் ஒரு சாக்கின்மேல் மஞ்சள் துண்டுகள் கிடந்தன. ஆன்டெனா ஒயரை ஒரு கார்பன் குழாயோடு சேர்த்து ஒட்டியிருந்தது. கார்பன் சிக்னலை மறைக்கும். தூரமாக நடந்துபோய்ப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ரிசீவர் மட்டும் சாகாமல் இருந்தது. பேட்டரியை மாட்டி, ரிமோட்டைப் போட்டு, எஞ்சினுக்கான குச்சியை மேலே தள்ளினான். எஞ்சினைத் திறக்கிற சின்னக் கை எழுந்து நின்றது. ரிமோட்டை அணைத்தான்.

கை இறங்கவில்லை. எழுந்தது எழுந்தபடியே நின்றது.

"இப்ப இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சிக்னல் போனா எஞ்சினை நிறுத்துன்னு இதுக்குச் சொல்லி வைக்கல சார். புது ரிசீவர். சொல்லி வைக்க மறந்திருக்காங்க."

"பறக்கறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும் சார்."

"அதைச் சோதிச்சுப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

குந்தோரோ வாயைத் திறப்பதற்குள் பூர்ணவான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "அவர் சோதிச்சுக் காட்டச் சொன்னார் சார். நான்தான் வீட்லயே பாத்துட்டேன்னு பொய் சொன்னேன். வற்புறுத்திக் கேட்டார். நான் கேக்கல," என்றார். பல் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற அதே அமைதியான குரல்.

"மாஸ்!" என்றான் குந்தோரோ.

அவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். "ஒரு கண்ணை எடுத்தவன் நான். இதுக்கும் நானே இருந்துட்டுப் போறேன். நீ எதுக்குடா நடுவுல?" என்றார் காதோரமாக. பேசியிருக்கவேண்டும். அங்கேயே, அப்போதே. ஆனால் கண்ணெதிரே அவரைப் பொய்யர் ஆக்கவேண்டுமே! மறுபடியும் அதே இடத்தில் நாக்கு மடங்கியது. சீ, இது என்ன பிறவி என்று அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. பூர்ணவானை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள்.

யூ சர்மினி இறந்த ஏழாம் நாள் துவா, பிரார்த்தனை, அவள் வீட்டில். பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. குந்தோரோ ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலைமையில்தான் வந்திருந்தான். ஓதி முடிந்ததும் அவளுடைய கணவர் பாக் மார்த்தோ சோற்றுப் பொட்டலத்தோடு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். புல் அறுத்து ஆடு வளர்க்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார்.

"பாக், நான் ஒண்ணு சொல்லணும்," என்றான் குந்தோரோ. "டாக்டர் சொன்னது பொய். அவர் அணைச்சுக் காட்டறேன்னுதான் சொன்னார். ரெண்டு தடவை கேட்டார். நான்தான் வேண்டாம்னு கிளிப்பை மாட்டிவிட்டேன். தப்பு என்னோடது."

பாக் மார்த்தோ தலையாட்டினார். "நல்ல மனசு உங்களுக்கு," என்றார். "சிநேகிதன் ஜெயில்ல இருக்கானேன்னு தாங்கல உங்களுக்கு."

"ஐயோ, அதில்ல பாக்! நிஜமாவே நான் சோதிக்கல."

சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமியாரு சோதிக்காம விடுவாராமே," என்றார் ஊர்த் தலைவர், பக்கத்திலிருந்தவரிடம். "யார் பழியையோ தூக்கித் தன் தலையில போட்டுக்கறார் பாருங்க. இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?"

குந்தோரோ சூகெங்கிடம் திரும்பினான். "பாக், நீங்கதானே வாலைப் பிடிச்சிருந்தீங்க? நீங்களே சொல்லுங்க. நான் அணைக்கச் சொன்னேனா?"

சூகெங் பாயின் கோரையை நகத்தால் நெருடினார். "எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் சரியா கேக்கல தம்பி," என்றார். பிறகு எல்லோருக்கும் பொதுவாக, "ரொம்ப உடைஞ்சு போயிருக்கார், பாவம்," என்றார்.

"நான் சோதிக்கலய்யா!" என்று கத்தினான் குந்தோரோ. துவா வீட்டில் யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள். உள்ளேயிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ அவன் முதுகைத் தடவி, தண்ணீர் கொண்டுவாங்க என்றார்கள். அவனைக் கோபித்துக்கொள்ள அங்கே ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு ஆள் எழுந்து, அடப்பாவி, என்று காறித் துப்பியிருந்தால் போதும், அவன் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான்.

பாக் மார்த்தோ தண்ணீரை வாங்கித் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்தார். கூட்டம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அந்த லாரிப் பையனுக்குக் கண்ணு போச்சே, அப்பவே நான் அவகிட்ட சொன்னேன். அங்க வேண்டாம்டி, கடையை மெயின் ரோட்டுக்கு மாத்திக்கோன்னு. ஒரு மாசம் சண்டை போட்டேன். கேக்கவே மாட்டேன்னுட்டா." அவர் லேசாகச் சிரித்தார். "என் கேஸ் ட்யூபைக்கூட விடாம பாக்கற மனுஷன் அங்க நிக்கறார், அவர் இருக்கறவரைக்கும் எனக்கு என்ன பயம்னு சொன்னா. உங்களை நம்பித்தான் தம்பி அங்க உக்காந்திருந்தா. நீங்க பாத்ததையும் மீறி நடந்திருக்குன்னா, அது விதி. மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க."

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்றவர்களைக் கவனிக்க எழுந்து போனார்.